விசையில் மாணவரின் விரல், பொறுப்பு யாருடையது?

நீங்கள் எழுதியதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். கைத்துப்பாக்கிப் பயிற்சியில் புதிதாகச் சேர்ந்தீர்கள். இரண்டாம் நாள், உங்களுக்கு அடுத்து நின்றவர் தன் முதல் குண்டைச் சுட்டுவிட்டு, சரியாகச் சுட்டேனா என்று கேட்பதற்காகப் பின்னால் திரும்பினார். திரும்பும்போதே துப்பாக்கி இரண்டாம் முறை வெடித்து, உங்கள் காலுக்கு அருகே தரையில் குண்டு பாய்ந்தது. யாருக்கும் காயமில்லை. பயிற்றுநர் அவரைக் கடுமையாகத் திட்டினார், "புதியவர்கள் என்றால் இப்படித்தான்" என்றார், பயிற்சி தொடர்ந்தது. இதை விபத்து என்று விட்டுவிடுவதா, பயிற்றுநரின் அலட்சியம் என்று சொல்வதா, சேரும்போது கையெழுத்திட்டுக் கொடுத்த பொறுப்புத் துறப்புப் படிவம் இனி உங்களைப் பேசவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான தயக்கம் கடைசி வரியில்தான் இருக்கிறது: துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாத நீங்கள், அனுபவசாலியான ஒருவரைக் குறை சொல்லலாமா? சொல்லலாம். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதிலிருந்துதான் அவருடைய பொறுப்பே தொடங்குகிறது.

நான் பல ஆண்டுகள் புதியவர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தவன். சுடுதளத்தில் பாதுகாப்பு அதிகாரியாகவும் நின்றிருக்கிறேன். வழக்கறிஞன் அல்ல, ஆகவே சட்டத்தைப் பற்றிக் கீழே சொல்வதைப் பொதுவான விளக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை நேரில் பார்த்தவனும் அல்ல. ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டு ஒருவரைக் குற்றவாளி என்று எழுத மாட்டேன். ஆனால் நீங்கள் சொன்னவற்றில் சில, யார் வந்து எந்த விளக்கம் கொடுத்தாலும் மாறாதவை.

முதலாவது, புதியவர் சுட்டு முடித்ததும் துப்பாக்கியோடு திரும்புவார் என்பது எந்தப் பயிற்றுநருக்கும் புதிய செய்தி அல்ல. இந்தத் தொழிலில் முதலில் தெரிந்துகொள்ளும் விஷயமே அதுதான். முதல் குண்டு வெடித்ததும் மனிதருக்கு ஒன்று மகிழ்ச்சி பொங்கும், அல்லது திகைப்பு வரும். இரண்டிலும் அவர் முகம் பயிற்றுநரைத் தேடும், முகம் போகும் பக்கம் தோள் போகும், தோள் போகும் பக்கம் கை போகும். கையில் துப்பாக்கி இருப்பது அந்த நொடியில் அவர் நினைவில் இருக்காது. அரைத் தானியங்கி வகைக் கைத்துப்பாக்கியாக இருந்தால், ஒரு குண்டு வெளியேறிய அதே வேகத்தில் அடுத்த தோட்டா அறைக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா வெடிக்கும் இடத்துக்குள், வந்து உட்கார்ந்துவிடும். இரண்டாம் முறை சுட முதல் முறை அளவுக்கு அழுத்தம் தேவைப்படாத துப்பாக்கிகளும் உண்டு. விரல் விசையை விட்டு வெளியே வராமல் திரும்பினால் என்ன நடக்கும் என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

இன்னொன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் இதைச் சுடுதளத்துக்கு வெளியே இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள். சுட்டதும் வெளியே தெறிக்கும் தோட்டாவின் வெற்றுப் பித்தளைக் கூடு கொதிக்கும் சூட்டில் இருக்கும். அது பக்கத்துத் தடுப்பில் பட்டுத் திரும்பி, சுடுபவரின் சட்டைக் கழுத்துக்குள் விழுவது சாதாரணமாக நடப்பது. விழுந்ததும் அவர் துள்ளுவார், ஒரு கை கழுத்துக்குப் போகும், துப்பாக்கி பிடித்த மறு கை எங்கே போகிறது என்று அவருக்கே தெரியாது. நான் அறிந்த நல்ல பயிற்றுநர்கள் அந்த நேரத்தில் எதையும் பேச மாட்டார்கள்; கையை நீட்டி மாணவரின் மணிக்கட்டைப் பிடித்து, முனையை இலக்கின் பக்கமே வைத்திருப்பார்கள். கூட்டை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். தசைகளின் இயக்கத்தை ஆராய்ந்த உடலியல் அறிஞர் ரோஜர் எனோகா, தன்னை அறியாமல் விசையை அழுத்திவிடுவதற்கு மூன்று காரணங்களைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்: திடுக்கிடுவது, நிலை தடுமாறுவது, ஒரு கை இறுகும்போது மறு கையும் கூடவே இறுகுவது. கழுத்துக்குள் சூடான கூடு விழுந்தவருக்கு இந்த மூன்றும் ஒரே நொடியில் நேரலாம்.

இவையெல்லாம் முன்கூட்டியே தெரிந்தவை என்பதால், இவற்றுக்கான ஏற்பாடுகளும் தெரிந்தவையே. முதல் முறை சுடுபவருக்கு மேகசினில் (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டியில்) ஒரே ஒரு தோட்டா போட்டுக் கொடுப்பது. அவர் சுட்டு, முனையை இறக்காமல் நின்று, விரலை வெளியே எடுத்து, துப்பாக்கியைக் காலி செய்து மேசையில் வைப்பதைச் சில முறை பார்த்த பிறகே இரண்டாவது தோட்டாவைக் கொடுப்பது. அந்த நேரத்தில் ஒரு மாணவருக்கு ஒரு பயிற்றுநர் என்று நிற்பது. எங்கோ பின்னால் நின்று குரல் கொடுக்காமல், சுடுபவரின் தோளுக்குச் சற்றுப் பின்னே, கை நீட்டினால் மணிக்கட்டு எட்டும் தூரத்தில் நிற்பது. உண்மையான தோட்டாவைத் தொடுவதற்கு முன் வெடிக்காத டம்மித் தோட்டாக்களால் இந்த அசைவுகளையெல்லாம் சலிக்கச் சலிக்கச் செய்ய வைப்பது. இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை, நேரம் மட்டும்தான் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். உங்கள் அருகில் நின்றவர் வாழ்க்கையில் முதன்முதலாகச் சுட்டபோது துப்பாக்கியில் இரண்டாவது தோட்டா இருந்திருக்கிறது. அதைப் போட்டது யார், போடச் சொன்னது யார் என்ற கேள்விக்கு மாணவரைத் திட்டுவது பதிலாகாது.

இந்த ஒரு விஷயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகறிந்த சான்று இருக்கிறது. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கான ஒரு சுடுதளத்தில், 9 வயதுச் சிறுமியின் கையில் ஊஸி (Uzi) என்ற இயந்திரத் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். முதலில் ஒற்றைக் குண்டு சுட வைத்தார் பயிற்றுநர். அதுவரை சரி. அடுத்து அதைத் தொடர்ந்து சுடும் நிலைக்கு மாற்றினார். விசையை அழுத்தியதும் பின்னுதைப்பில் துப்பாக்கி மேலெழும்பி இடப் பக்கம் சாய்ந்தது. இடப் பக்கம் நின்றிருந்த பயிற்றுநர் தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். அந்தக் குழந்தை மீது குற்றம் சொன்னவர் யாரும் இல்லை, சொல்லவும் முடியாது. அந்தக் கைகளால் அந்தத் துப்பாக்கியை அடக்க முடியாது என்று தெரிந்திருக்க வேண்டியவர் ஒருவரே. அவர் உயிரையே கொடுத்துவிட்டார். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, 2008 அக்டோபரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வெஸ்ட்ஃபீல்டில் நடந்த ஒரு துப்பாக்கிக் கண்காட்சியில், 8 வயதுச் சிறுவன் அதன் சிறிய வகையான மைக்ரோ ஊஸியைச் சுட்டபோது அது மேலெழும்பித் திரும்பி அவனையே கொன்றது. அவனுக்கு அருகில் நின்று மேற்பார்வை செய்தது, பயிற்றுநர் சான்றிதழ் இல்லாத 15 வயதுப் பையன். கண்காட்சியை ஏற்பாடு செய்த முன்னாள் காவல்துறைத் தலைவர் மீது வழக்கு நடந்தது. 2011இல் நடுவர் குழு அவரை விடுவித்தது. தவறு நடந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும், அதைக் குற்றமாக நிரூபிப்பது வேறு வேலை என்பதை இந்த வழக்கு காட்டுகிறது. சட்டத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கேள்வியில் ஒரு வரி என்னை இன்னும் கவலைப்பட வைத்தது. முதல் நாள் வகுப்பறையில் பயிற்றுநர் துப்பாக்கியை எல்லோர் முகத்துக்கும் நேராகச் சுழற்றிக் காட்டி, "பயப்படாதீர்கள், காலிதான்" என்றார் என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் இரண்டாம் நாள் நடந்ததன் வேர் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்றுநர் ஜெஃப் கூப்பர் வகுத்து உலகம் முழுக்கப் பரவிய நான்கு விதிகள் உண்டு: எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருது, அழிக்க விரும்பாத எதன் மீதும் முனையைப் படரவிடாதே, குறி இலக்கில் நிற்கும் வரை விரலை விசையில் வைக்காதே, இலக்கையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொள். இவற்றின் அழகு, ஒன்று தவறினாலும் மற்றது காப்பாற்றும் என்பதுதான். முனை சரியான திசையில் இருந்தால் தவறி வெடித்தாலும் குண்டு மண்மேட்டில் போய்ப் புதையும். விரல் வெளியே இருந்தால் முனை தவறினாலும் வெடிக்காது. ஆள் அடிபடுவதற்கு இரண்டு விதிகளாவது சேர்ந்து உடைய வேண்டும். முதல் இரண்டு விதிகளைப் பயிற்றுநரே மாணவர் கண்முன் உடைத்துக் காட்டினால், மாணவர் கற்றுக்கொள்வது வாய் சொன்னதையா, கை செய்ததையா?

"காலிதான்" என்ற சொல்லை நம்ப முடியாததற்கு ஒரு நுணுக்கமான காரணமும் உண்டு. மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று புதியவர்கள் நினைப்பார்கள். அறைக்குள் ஒரு தோட்டா மிச்சம் இருக்கலாம். ஆகவே முதலில் மேகசினைக் கழற்றி, பிறகு ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே நகரும் பகுதியை) பின்னிழுத்து, உள்ளே இருப்பதை வெளியே தள்ளி, கண்ணாலும் விரலாலும் அறையைச் சோதிக்க வேண்டும். வரிசையை மாற்றி, ஸ்லைடை முதலில் இழுத்து மேகசினை அப்புறம் கழற்றினால், ஒரு தோட்டா வெளியே விழும், அதே இழுப்பில் மேகசினிலிருந்து இன்னொன்று அறைக்குள் ஏறிவிடும். செய்தவர் தரையில் விழுந்த தோட்டாவைப் பார்த்துவிட்டு நிம்மதியாக விசையை அழுத்துவார். அனுபவசாலிகளுக்கு இது நேராது என்று எண்ண வேண்டாம். 2004இல் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில், போதைப்பொருள் தடுப்பு அதிகாரி ஒருவர் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் துப்பாக்கிப் பாதுகாப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே தன் காலில் சுட்டுக்கொண்டார். 2018 மார்ச்சில் கலிஃபோர்னியாவில், காவல்துறையிலும் பணிபுரிந்த ஓர் ஆசிரியர் வகுப்பில் பாதுகாப்புப் பாடம் எடுக்கும்போது துப்பாக்கி கூரையை நோக்கி வெடித்து, தெறித்த துண்டுகளால் ஒரு மாணவருக்குக் காயம் ஏற்பட்டது. இதனால்தான் கறாரான பயிற்சிக்கூடங்களில் வகுப்பறைக்குள் உண்மையான தோட்டா ஒன்றுகூட நுழைய அனுமதிப்பதில்லை. அனுபவம் கூடக்கூட எச்சரிக்கை தேயும் ஆபத்து இந்தத் தொழிலில் நிஜமானது.

நான்காவது விதியைப் பற்றி ஒரு வார்த்தை. அலட்சியம் என்பது மாணவருக்கு அருகில் நிற்பவரிடம் மட்டும் இருப்பதல்ல, தளத்தைத் திட்டமிடுபவரிடமும் இருக்கலாம். மிகச் சிறிய .22 தோட்டாவின் பெட்டியிலேயே, குண்டு ஒன்றரை மைல் வரை போகும் என்று எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். 2012 மே மாதம் வேல்ஸ் நாட்டின் காசில்மார்ட்டின் இராணுவத் தளத்தில், பாதுகாப்பானது என்று ஒதுக்கிய இடத்தில் நின்றிருந்த 21 வயது வீரர் ஒருவர், பக்கத்துச் சுடுதளத்திலிருந்து பறந்து வந்த இயந்திரத் துப்பாக்கிக் குண்டு நெற்றியில் பட்டு இறந்தார். சுட்டவர்கள் தங்களுக்குக் காட்டிய இலக்கைத்தான் சுட்டார்கள். 2018இல் இராணுவ நீதிமன்றம் குற்றவாளி என்று கண்டது அவர்களை அல்ல. பயிற்சியைத் திட்டமிட்ட கேப்டனை. மேற்பார்வைப் பொறுப்பில் இருந்தவர்களும் கடமையில் தவறியதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே காவலர் பயிற்சித் தளத்திலிருந்து வந்த குண்டு, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்துபோனான். பயிற்சியோடு எந்தத் தொடர்பும் இல்லாத பிள்ளை. இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்ற கேள்வியை, சுடுபவருக்கு முன்பே கேட்டிருக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.

காதுக் காப்பு, கண்ணாடி இல்லாமல் உங்களை நிற்க வைத்தார்களா என்று நீங்கள் சொல்லவில்லை. துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபலுக்கு மேல் போகும். ஒரே ஒரு வெடிச்சத்தம்கூடச் செவித்திறனை நிரந்தரமாகக் கெடுக்கலாம். மூடிய அரங்காக இருந்தால் காரீயப் புகை வெளியேறக் காற்றோட்டமும், முடித்ததும் கை கழுவும் ஒழுங்கும் வேண்டும். இவையும் பயிற்றுநரின் கடமையே.

இனிச் சட்டம். கவனக்குறைவு என்று நிறுவ, பொதுவாக நான்கு கட்டங்களைத் தாண்ட வேண்டும்: அவருக்கு உங்கள் மீது கவனக் கடமை இருந்தது, அதிலிருந்து அவர் தவறினார், அந்தத் தவறால்தான் நடந்தது, அதனால் உங்களுக்குத் தீங்கு விளைந்தது. முதல் கட்டத்தில் சந்தேகமே இல்லை. இரண்டாவதில் அளவுகோல் அவருடைய நல்லெண்ணம் அல்ல. அதே இடத்தில் தகுதியுள்ள இன்னொரு பயிற்றுநர் என்ன செய்திருப்பார் என்பதே. மாணவர் தவறினார் என்பதால் பயிற்றுநர் முழுதாகத் தப்பிவிட முடியாது, மாணவரும் "நான் கற்றுக்கொள்பவன்" என்று சொல்லித் தப்ப முடியாது. 1971இல் இங்கிலாந்தில் நெட்டில்ஷிப் எதிர் வெஸ்டன் என்ற வழக்கில், கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தவர் மோதியதில் கற்றுக்கொடுத்தவர் காயமடைந்தார். கற்பவருக்கும் தேர்ந்த ஓட்டுநரின் அளவுகோல்தான் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். வண்டியைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு இருவருக்கும் இருந்ததால் கற்றுக்கொடுத்தவருக்கும் பாதிப் பங்கு உண்டு என்றது. உங்கள் விஷயத்தில் இடிக்கும் இடம் நான்காவது கட்டம்: காயமில்லை. அதிர்ச்சிக்கு மட்டும் இழப்பீடு கேட்பது பெரும்பாலான இடங்களில் கடினம். படிவத்தைப் பொறுத்தவரை, அது எல்லா இடத்திலும் கேடயம் ஆகாது. பிரிட்டனில் நுகர்வோர் விஷயத்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி (அதற்கு முன் 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி), கவனக்குறைவால் விளையும் மரணத்துக்கும் உடல் காயத்துக்கும் வணிக நிறுவனம் தன் பொறுப்பை எழுதி வாங்கிக் கைகழுவ முடியாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. படிவத்தை ஏற்கும் பல மாநிலங்களும் பெரும் அலட்சியத்துக்கு அதை நீட்டுவதில்லை. குற்றவியல் பக்கம் இன்னும் உயர்ந்த அளவுகோல். இந்தியாவில் கவனக்குறைவால் மரணம் விளைவித்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி 5 ஆண்டுகள் வரை சிறை. பழைய 304ஏ பிரிவில் அது 2 ஆண்டுகளாக இருந்தது. வெஸ்ட்ஃபீல்ட் தீர்ப்பை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

இப்போது சந்தேகத்துக்கு இடமானவை. துப்பாக்கியிலேயே பழுது இருந்திருக்கலாம். தேய்ந்த உள்பாகங்களால் விரல் படாமலே வெடிப்பது அபூர்வம், ஆனால் நடக்கும். மாணவர் முன்பே பயிற்சி உள்ளவர் என்று பொய் சொல்லியிருக்கலாம். பயிற்றுநர் கை நீட்டியும் எட்டாமல் போயிருக்கலாம். நீங்கள் இருந்த கோணத்தில் அது தெரிந்திருக்காது. இவற்றில் ஒன்று உண்மையானாலும் என் கணிப்பு அவர் பக்கம் கொஞ்சம் சாயும். ஆனால் ஒன்றில் மட்டும் எனக்குத் தயக்கமே இல்லை: வெடித்த பிறகு அவர் செய்தது தவறு. எதிர்பாராமல் ஒரு குண்டு வெடித்தால், வரிசை முழுவதும் அந்த நொடியே நிற்க வேண்டும். எல்லாத் துப்பாக்கிகளும் காலி செய்து கீழே வைக்கப்பட வேண்டும். ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்த்துக் காயம் உண்டா என்று கேட்க வேண்டும், ஏனென்றால் பதற்றத்தில் வலி உடனே தெரியாது. அந்தத் துப்பாக்கியைத் தனியே எடுத்து வைத்துச் சோதிக்க வேண்டும். நடந்ததை எழுதி வைக்க வேண்டும். பழுதா, பிழையா என்று தெரியாமலே அதே துப்பாக்கியை அடுத்தவர் கையில் கொடுத்திருந்தால், அதற்கு "புதியவர்கள்" காரணம் அல்ல.

நீங்கள் செய்ய வேண்டியது, நினைவு பசுமையாக இருக்கும்போதே எல்லாவற்றையும் தேதி, நேரத்தோடு எழுதி வைப்பது: யார் எங்கே நின்றார்கள், பயிற்றுநர் எத்தனை பேரை ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார், என்ன சொன்னார், பிறகு எவ்வளவு நேரத்தில் சுடுவது தொடர்ந்தது. கையெழுத்திட்ட படிவத்தின் நகலையும், நிகழ்வுப் பதிவேட்டில் இது ஏறியிருக்கிறதா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். சண்டை தொனி வேண்டாம். எந்த நல்ல தளமும் இதைக் கேட்டதற்காகக் கோபப்படாது. காயம் இல்லாவிட்டாலும், அனுமதி வழங்கிய அமைப்பிடம் புகார் கொடுக்க உங்களுக்குத் தடையில்லை. அடுத்த முறை இன்னொருவர் கால் சற்றுத் தள்ளி இல்லாமல் போகலாம்.

மறுபடி அங்கே போகலாமா என்றால், பதிவேட்டைக் காட்டி, என்ன மாற்றினோம் என்று அவர்களே விளக்கினால் போங்கள். படிவத்தைக் காட்டினால் போகாதீர்கள். எங்கே கற்றாலும், ஆபத்தாக எதையாவது கண்டால் "நிறுத்து" என்று உரக்கச் சொல்லும் உரிமை வரிசையில் நிற்கும் கடைசி மாணவருக்கும் உண்டு என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லித்தருகிறார்களா என்று பாருங்கள். கடைசியாக, உங்கள் அருகில் சுட்ட அந்த மனிதரோடு பேசுங்கள். எல்லோர் முன்னிலும் திட்டு வாங்கியவர், முழுத் தவறும் தன்னுடையதே என்று நம்பிக்கொண்டிருப்பார். உங்கள் முக்கியமான சாட்சியும் அவர்தான். மன்னிப்புக் கேட்க வந்தால் ஏற்றுக்கொண்டு, அந்தத் துப்பாக்கியைக் கையில் கொடுத்தபோது அதில் எத்தனை தோட்டா இருந்தது, அதை அவருக்குச் சொன்னார்களா என்று கேளுங்கள்.